வெளிப்படையாக ஆயுதந் தாங்கும் உரிமையும் காவலரின் சட்ட அறிவும்

சட்டம் வாழும் இடங்கள் இரண்டு. சட்டசபையில் இயற்றப்பெற்று நூலில் எழுதப்பெற்ற இடம் ஒன்று. தெருவிற் காவலனும் குடிமகனும் எதிர்ப்படும் இடம் மற்றொன்று. இவ்விரண்டும் ஒத்து நடக்குமளவும் குடிகள் சட்டத்தைப்பற்றி ஆழ்ந்து சிந்திப்பது அரிது. நூல் விதித்ததைத் தெருவிற் காவலன் தடுக்கும்பொழுதே, உரிமையென்பது யாது, அதனை நிலைநாட்டும் வழி யாது என்னும் வினாக்கள் எழுகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெளிப்படையாக ஆயுதந் தாங்குதல் பற்றி எழுந்த வழக்குகள் இவ்வினாக்களை ஆராய்தற்குத் தக்க எடுத்துக்காட்டுகளாகும்.

பிறர் கண்ணுக்குப் புலப்படும் வண்ணம் துப்பாக்கியை இடையில் உறையிலிட்டோ தோளிற் கொளுவியோ பொதுவிடங்களிற் செல்லுதல் வெளிப்படையாகத் தாங்குதல் எனப்படும். உடையினுள்ளே மறைத்துக்கொண்டு செல்லுதல் மறைத்துத் தாங்குதல் எனப்படும். ஆயுதத்துடன் கடைவீதிக்குச் செல்லும் வழக்கம் பிற நாட்டார்க்கு வியப்பையும் அச்சத்தையும் தருவதொன்று. அது நன்றா தீதா என்பது பற்றி அந்நாட்டாரிடையேயும் நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அவ்வழக்கை முடிவுகட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. சட்டம் ஒரு செயலை அனுமதித்திருக்க, அதனைக் குற்றமெனக் காவலன் கருதின் நிகழ்வது யாது, நிகழவேண்டுவது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

உரிமையின் வரலாறு

இவ்வுரிமையின் வேர் ஆங்கில நாட்டுச் சட்ட வரலாற்றில் உள்ளது. 1328ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற நோதம்ற்றன் சட்டம் சந்தைகளிலும் பிறவிடங்களிலும் ஆயுதந் தாங்கித் திரிதலைத் தடுத்தது. 1689ஆம் ஆண்டின் உரிமைச் சாசனமோ, புரட்டஸ்தாந்து சமயத்தவரான குடிகள் தம் நிலைக்கேற்பவும் சட்டம் அனுமதிக்கும் அளவிலும் தற்காப்பிற்காக ஆயுதம் வைத்திருக்கலாம் என்றது. அச்சமும் உரிமையும் ஒருங்கே கலந்த இம்மரபையே அமெரிக்கக் குடியேற்ற நாட்டார் தம்முடன் கொண்டுசென்றனர். 1791ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் இரண்டாந் திருத்தம், ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என விதித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டார் கொண்டிருந்த கருத்து இன்றைய கருத்திற்குப் பெரிதும் மாறானது. மறைத்துத் தாங்குதல் வஞ்சகர் செயல் என்றும், வெளிப்படையாகத் தாங்குதல் நேர்மையாளர் செயல் என்றும் அக்காலத்தார் எண்ணினர். 1813ஆம் ஆண்டிற் கென்ரக்கியும் லூயிசியானாவும் மறைத்துத் தாங்குதலைத் தடைசெய்தன. 1846இல் ஜோர்ஜியா மாநில உயர் நீதிமன்றமும், 1850இல் லூயிசியானா மாநில உயர் நீதிமன்றமும் மறைத்துத் தாங்குதலைத் தடுக்கும் சட்டம் செல்லுமென்றும், வெளிப்படையாகத் தாங்குதல் காக்கப்படவேண்டிய உரிமையென்றும் தீர்ப்பளித்தன. எனினும், மேற்குப் புறத்து நகரங்கள் சில தம் எல்லைக்குள் ஆயுதந் தாங்குதலை முற்றாகத் தடுத்தன. 1881ஆம் ஆண்டு ஒற்றோபரில் அரிசோனாவின் ரூம்ஸ்ரோன் நகரில் நிகழ்ந்த புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டை, அத்தகைய நகர விதியொன்றைக் காவலர் நிறைவேற்ற முற்பட்டபொழுது மூண்டதேயாம்.

இருபதாம் நூற்றாண்டில் மக்கள் மனப்போக்கு மாறிற்று. கண்ணிற்படும் துப்பாக்கியே அச்சந் தருவதாயிற்று. உத்தரவு பெற்று மறைத்துத் தாங்குதல் பல மாநிலங்களில் ஏற்கப்பட்டது. அதன்பின் ஐக்கிய நாடுகளின் உயர் நீதிமன்றம் மூன்று பெருந்தீர்ப்புகளை வழங்கியது. தற்காப்பிற்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருத்தல் தனிமனித உரிமை என 2008இல் ஹெல்லர் வழக்கும், அவ்வுரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என 2010இல் மக்டொனால்ட் வழக்கும், அது பொதுவிடங்களிற் கைத்துப்பாக்கி தாங்குதலையும் உள்ளடக்கும் என 2022இல் புறூவன் வழக்கும் நிலைநாட்டின. ஆயினும் எவர், எவ்விடத்தில், எவ்வகை உத்தரவுடன் தாங்கலாம் என்பதை வரையறுக்கும் பொறுப்பு இன்றும் பெரும்பாலும் மாநிலங்களிடமே உள்ளது.

காவலர் தவறுவது ஏன்?

மாநிலங்கள் ஐம்பது, அவற்றின் சட்டங்களும் பலதிறப்பட்டவை. ஒரு மாநிலத்தில் உத்தரவின்றியே வெளிப்படையாகத் தாங்கலாம். மற்றொன்றில் உத்தரவுப் பத்திரம் வேண்டும். வேறொன்றில் அச்செயல் முற்றாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஒரே மாநிலத்திற்குள்ளும் நகரத்துக்கு நகரம் வேறுபாடு உண்டாதல் கூடும். பென்சில்வேனியாவில் 2011ஆம் ஆண்டிலிருந்த சட்டம் இதற்கு நல்ல சான்று. அம்மாநிலத்தின் ஏனைய இடங்களில் வெளிப்படையாகத் தாங்குதற்கு உத்தரவு வேண்டியதில்லை. பிலடெல்பியா நகரத்தில் மாத்திரம் உத்தரவுப் பத்திரம் இருத்தல்வேண்டும். நகரெல்லைக் கோட்டைத் தாண்டியதும் சட்டம் மாறிற்று.

சட்டம் காலத்துக்குக் காலமும் மாறுகின்றது. டெக்சாஸ் மாநிலம் 1871ஆம் ஆண்டிற் கைத்துப்பாக்கி தாங்குதலைத் தடுத்தது. 1995இல் உத்தரவுடன் மறைத்துத் தாங்க இடமளித்தது. 2016 சனவரி முதலாந் திகதிமுதல் உத்தரவுடையோர் வெளிப்படையாகவும் தாங்கலாம் என்றது. 2021 செப்டெம்பர் முதல் தகுதியுடையோர்க்கு அவ்வுத்தரவும் வேண்டாமென்றது. புளோரிடாவில் நெடுங்காலம் நிலவிய தடை 2025 செப்டெம்பரில் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றமொன்றால் அரசியலமைப்புக்கு முரணானதெனக் கொள்ளப்பட்டது. ஆகவே பத்தாண்டுகளுக்குமுன் பயிற்சி பெற்ற காவலன், தான் பயின்ற சட்டத்தையே இன்றும் சட்டமெனக் கொண்டிருத்தல் இயல்பு.

சட்டமியற்றுவோரும் சிற்சில வேளைகளில் இக்குழப்பத்தை வேண்டுமென்றே விட்டுவிடுகின்றனர். 2015இல் டெக்சாஸ் சட்டசபை மேற்குறித்த சட்டத்தை ஆராய்ந்தபொழுது, உத்தரவுப் பத்திரத்தைப் பார்க்கும் நோக்கத்திற்காக மாத்திரம் காவலர் ஒருவரை நிறுத்தலாகாது என்னும் திருத்தமொன்று முன்மொழியப்பட்டது. காவலர் தரப்பினர் அதனை வன்மையாக எதிர்த்தனர். இறுதியில் அத்திருத்தம் சேர்க்கப்படாமலே சட்டம் நிறைவேறிற்று. நிறுத்தலாமா, நிறுத்தலாகாதா என்னும் வினா நீதிமன்றுக்கும் தெருவிற் செல்லும் குடிமகனுக்கும் விடப்பட்டது.

காவலரின் இடர்ப்பாட்டையும் எண்ணிப் பார்த்தல்வேண்டும். துப்பாக்கியுடன் ஒருவர் நடமாடுகின்றார் என 911 என்னும் அவசரத் தொலைபேசிக்கு அச்சமுற்ற ஒருவர் அறிவிக்கின்றார். அங்கு விரையும் காவலனுக்கு அம்மனிதரின் பெயரும் தெரியாது, நோக்கமும் தெரியாது. அவர் கடைக்குச் செல்பவராகலாம். கொலை செய்யச் செல்பவருமாகலாம். தவறாக எண்ணின் இழப்பது தன் உயிராகவோ பிறர் உயிராகவோ இருக்கும். இவ்வச்சம் பொய்யானதன்று. எனினும் அச்சம் ஒன்றே சட்டமாகுமா என்பதே நீதிமன்றங்கள் விடைகாண வேண்டியிருந்த வினா.

ஐயமும் அதன் எல்லையும்

ஆயுதந் தாங்கும் உரிமையை இரண்டாந் திருத்தம் காப்பதுபோல, வழியிற் செல்வோரைக் காரணமின்றி மறித்தலிலிருந்தும் சோதனையிடுதலிலிருந்தும் நான்காந் திருத்தம் காக்கின்றது. இவ்வழக்குகளிற் பெரும்பாலானவை நான்காந் திருத்தத்தையே அடிப்படையாகக் கொண்டு எழுந்தவை என்பது அறியற்பாலது.

1968இல் தீர்க்கப்பட்ட ரெறி வழக்கு இத்துறையின் மூலத் தீர்ப்பாகும். குற்றம் நிகழ்கின்றது அல்லது நிகழவிருக்கின்றது என நியாயமாக ஐயுறுதற்கு ஏதுவான குறிப்பிட்ட உண்மைகள் இருப்பின், காவலன் ஒருவரைச் சிறிது நேரம் நிறுத்தி விசாரிக்கலாம். அவர் ஆயுதமுடையவர், அபாயமானவர் என்று கருத இடமிருப்பின் மேலுடையைத் தடவிப் பார்க்கலாம் என அது விதித்தது. இங்கு படிகள் இரண்டு உள்ளன. குற்றம்பற்றிய ஐயம் முதற்படி. ஆயுதம்பற்றிய அச்சம் இரண்டாம் படி. முதற்படியில் ஏறாதவன் இரண்டாம் படியில் நிற்றல் இயலாது. ஆயுதந் தாங்குதல் குற்றமல்லாத மாநிலத்தில், ஆயுதத்தைக் கண்டமை ஒன்றே முதற்படியாகுமா?

இதற்கு விடைகூற உதவும் தீர்ப்புகள் வேறும் உள. சாரதியிடம் உத்தரவுப் பத்திரம் உண்டோ என்று பார்ப்பதற்காக மாத்திரம், வேறு ஐயம் எதுவுமின்றி, ஒரு வாகனத்தை மறித்தல் கூடாதென 1979இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் மற்றொரு வழக்கில், ஐயத்திற்கு ஏதுவின்றி நிறுத்தப்பட்ட ஒருவரைத் தம் பெயர் கூறும்படி கட்டாயப்படுத்துதல் கூடாதென்றும் கூறிற்று. பெயர் அறிவிக்காத ஒருவர், இன்னார் துப்பாக்கி வைத்திருக்கின்றார் எனத் தொலைபேசியிற் கூறிய அளவில் அவரைச் சோதனையிடலாகாது என்றும், துப்பாக்கி என்றதும் பொதுவிதிக்கு விலக்களிக்க இயலாது என்றும் 2000ஆம் ஆண்டில் முடிவு செய்தது.

சாரதிக்குரிய நியாயமே துப்பாக்கி தாங்குவோர்க்கும் பொருந்தும் என்பதைப் பென்சில்வேனியா மாநில உயர் நீதிமன்றம் 2019இல் தெளிவாக்கியது. அவ்வழக்கு மறைத்துத் தாங்குதல் பற்றியது. ஒருவரைப் பார்த்த அளவில் அவரிடம் உத்தரவுப் பத்திரம் உண்டோ இல்லையோ என்று கூற எவராலும் இயலாது. உத்தரவு பெற்றோர் பல்லாயிரவர் வாழும் மாநிலத்தில், துப்பாக்கி வைத்திருப்போர் அனைவரையும் குற்றவாளிகளென ஐயுறின் சட்டத்துக்கு அடங்கி நடப்போரே அதனால் இடர்ப்படுவர். ஆதலின் துப்பாக்கி இருத்தல் ஒன்றே நிறுத்துதற்கு ஏதுவாகாது என அந்நீதிமன்றம் கொண்டது. அதற்கு முன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அம்மாநிலத்திற் காவலர் அத்தகைய நிறுத்தத்தைச் சட்டத்துக்கு இசைந்ததாகவே கருதி வந்தனர்.

நான்கு நிகழ்ச்சிகள்

2011 பெப்ரவரியில் பிலடெல்பியா நகரில் நிகழ்ந்தது முதலாவது. உத்தரவுப் பத்திரம் பெற்ற இளைஞர் ஒருவர் இடையிற் கைத்துப்பாக்கியுடன் கடையொன்றை நோக்கி நடந்து சென்றார். அவரைக் கண்ட பொலிசு உத்தியோகத்தர் தம் துப்பாக்கியை அவர்மீது நீட்டி, முழந்தாளிடும்படி கட்டளையிட்டார். வெளிப்படையாகத் தாங்குதல் அந்நகரிற் குற்றம் என்பதே அவ்வுத்தியோகத்தரின் உறுதியான எண்ணம். இளைஞரோ தம்மிடம் உத்தரவு உண்டென்றும் தம் செயல் சட்டத்துக்கு மாறானதன்று என்றும் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார். வேறு காவலரும் வந்து சூழ்ந்தனர். மேலதிகாரிகளிடம் விசாரித்த பின்னரே இளைஞர் கூறியது உண்மையென்பது தெளிவாயிற்று, அவர் விடுவிக்கப்பட்டார். நிகழ்ந்தவற்றை அவருடைய சட்டைப்பையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவி பதிந்திருந்தது. அவர் அதனை வெளியிட்டதன் பின்னரே, பிறர் உயிர்க்கு ஆபத்து விளைத்தார், ஒழுங்கீனமாக நடந்தார் என்னும் குற்றச்சாட்டுகள் அவர்மீது சுமத்தப்பட்டன. அதே ஆண்டின் பிற்பகுதியில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. காவலர் பலர் அச்சட்டத்தை நன்கு அறிந்திருக்கவில்லை என்பதைப் பொலிசுத் திணைக்களமும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இரண்டாவது, 2010ஆம் ஆண்டில் ஒஹாயோ மாநிலத்து ரொலீடோ நகரில் நிகழ்ந்தது. மனைவி, மகள், பேரன் ஆகியோருடன் நாயையும் அழைத்துக்கொண்டு உலாவிய ஒருவரின் இடையில் உறையிலிட்ட துப்பாக்கி இருந்தது. வழியிற் சென்ற மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுநர் ஒருவர் அதனை ஆட்சேபித்துப் பொலிசாருக்கு அறிவித்தார். வந்த காவலர் துப்பாக்கியைப் பறித்து, அவர் கையில் விலங்கிட்டுப் பொலிசு வண்டியில் இருத்தினார். அம்மாநிலச் சட்டம் வெளிப்படையாகத் தாங்குதலை அனுமதித்திருந்தது. அவர் தொடுத்த வழக்கில் ஆறாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. சட்டம் அனுமதித்த ஒன்றைச் செய்தார் என்பதன்றி வேறு ஐயம் எதுவும் இல்லாதபொழுது நிறுத்தியதும் விலங்கிட்டதும் தவறு. காவலர் விலக்குரிமை கோரித் தப்புதல் இயலாது. வழக்கு யூரிமார்முன் செல்லத்தக்கது என்பது அதன் முடிவு.

மூன்றாவது, வட கரோலினாவின் சார்லொற் நகரத்து நிகழ்ச்சி. கூடிநின்ற சிலருள் ஒருவர் வெளிப்படையாகத் துப்பாக்கி வைத்திருந்தார் என்பதையே முதன்மையான காரணமாகக் கொண்டு காவலர் அனைவரையும் தடுத்துவைத்தனர். அவர்களுள் மற்றொருவர் சட்டத்துக்கு மாறாகத் துப்பாக்கி மறைத்து வைத்திருந்தமை சோதனையில் வெளிப்பட்டது. நான்காம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையையும் நீக்கியது. முதல் மனிதரின் துப்பாக்கி சட்டத்துக்கு இசைந்தது. அதனைக் காரணமாகக் கொண்ட தடுத்துவைத்தல் முறையற்றது. முறையற்ற வழியிற் பெற்ற சான்று செல்லாது. காவலரின் ஒரு தவறு குற்றவாளி ஒருவர் தப்புதற்கும் வழிகோலிற்று என்பது இங்கு நோக்கற்பாலது. காவலர் சட்டத்தை அறிந்திருத்தல் குடிமக்களுக்கு மாத்திரமன்றிக் குற்றத்தைத் தண்டிக்க விரும்பும் அரசுக்கும் இன்றியமையாதது.

நான்காவது மறுபக்கத்தைக் காட்டுவது. 2009ஆம் ஆண்டில் டெனசி மாநிலத்து நாஷ்வில் நகரையடுத்த பூங்காவொன்றில், போர்வீரர் அணியும் பலநிற உடையுடன் ஒருவர் உலாவினார். அவர் கொண்டிருந்தது சட்டப்படி கைத்துப்பாக்கி வகையைச் சேர்ந்ததெனினும், தோற்றத்தில் இராணுவத்தாரின் பெருந்துப்பாக்கியை ஒத்தது. அதன் நுனியில் விளையாட்டுத் துப்பாக்கிக்கு இடுவதுபோலச் செம்மஞ்சள் நிறம் தீட்டியிருந்தார். பூங்காவிற்கு வந்தோர் கலங்கினர். காவலர் அவரை நிறுத்தி, அவ்வாயுதம் சட்டம் அனுமதித்த அளவினதா என்று ஆராய்ந்து, பின் விடுவித்தனர். அவர் வழக்குத் தொடுத்தார். 2012இல் அதே ஆறாம் வட்டார நீதிமன்றம் அவருக்கு மாறாகத் தீர்ப்பளித்தது. ஆயுதம் தாங்கியமையன்று, ஆயுதத்தின் தன்மையும் தோற்றமும் சூழ்நிலையும் சேர்ந்தே அங்கு நியாயமான ஐயத்தைப் பிறப்பித்தன. ரொலீடோ வழக்கையும் இவ்வழக்கையும் தீர்த்து எழுதியவர் சட்டன் என்னும் ஒரே நீதிபதியே. அவ்விரு தீர்ப்புகளையும் ஒருங்குவைத்து நோக்கின் விதி தெளிவாகும். சட்டம் அனுமதித்த செயல் தனியே நின்று ஐயத்திற்கு ஏதுவாகாது. அதனோடு வேறு உண்மைகள் சேரின் ஏதுவாகலாம்.

அறியாமை யாருக்கு மன்னிப்பு?

சட்டத்தை அறியேன் என்பது குற்றஞ் செய்தவனுக்கு மன்னிப்பாகாது என்பது உரோமர் காலந்தொட்டு வரும் நீதிமொழி. உத்தரவு வேண்டிய நகரில் உத்தரவின்றித் துப்பாக்கியுடன் நுழைந்தவர், நகரெல்லை எனக்குத் தெரியாது எனக் கூறித் தப்புதல் அரிது. அவ்வாறாயின், சட்டத்தை அறியாது ஒருவரை விலங்கிட்ட காவலர் நிலை யாது?

இவ்வினாவிற்கு அமெரிக்க நீதிமன்றங்கள் அளித்த விடை ஒருதன்மைத்தன்று. வட கரோலினாவிற் பின்புற நிறுத்து விளக்கொன்று எரியாத வாகனத்தைக் காவலர் ஒருவர் மறித்தார். இரு விளக்குகளும் எரிதல்வேண்டும் என அவர் கருதினார். ஒன்று எரிந்தாற் போதும் என்பதே சட்டம் என மாநில நீதிமன்றம் பின்னர் கூறிற்று. எனினும் அச்சட்டத்தின் வாசகம் இருபொருள் படுவதாயிருந்தமையின், நியாயமான முறையில் சட்டத்தைப் பிறழ உணர்ந்த காவலர் செயல் செல்லும் என உயர் நீதிமன்றம் 2014இல் ஹைன் வழக்கிற் பெரும்பான்மையாகத் தீர்த்தது. நீதிபதி சொற்றொமயோர் ஒருவரே மாறுபட்டார். இதனோடு, தெளிவாக நிலைநாட்டப்பட்ட உரிமையை மீறினாலன்றி உத்தியோகத்தர் நட்டஈடு கொடுக்கவேண்டியதில்லை என்னும் விலக்குரிமைக் கோட்பாடும் உண்டு; 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று அதற்கு இன்றைய வடிவத்தை அளித்தது.

குடிமகனின் அறியாமை தண்டிக்கப்படுகின்றது. காவலரின் அறியாமை ஓரளவு பொறுக்கப்படுகின்றது. நொடிப்பொழுதிற் கடமையாற்ற வேண்டியவர்க்கு இத்துணைச் சலுகையேனும் வேண்டுமென்பர் ஒருசாரார். சட்டத்தைக் கற்றற்கென்றே ஊதியமும் பயிற்சியும் பெறுபவர்க்குச் சலுகையளித்து, பெறாதவரைத் தண்டித்தல் வேலியைப் பயிரினும் பேணுதலாகும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் சீர்தூக்கின் ஒன்று புலனாகும். ஹைன் வழக்கில் மன்னிக்கப்பட்டது மயக்கந்தரும் சட்டத்தைப் பிறழ உணர்ந்தமை. ரொலீடோ வழக்கில் மன்னிக்கப்படாதது தெளிவான சட்டத்தை அறியாமை. எனவே சட்டம் எவ்வளவு தெளிவாக எழுதப்படுகின்றதோ அவ்வளவிற்கே காவலரின் அறியாமைக்கு இடம் குறையும். டெக்சாசில் அத்திருத்தத்தைச் சேர்க்காது விட்டமை எத்துணைப் பெரிய குறையென்பது இதனால் அறியப்படும்.

உரிமை யாருக்கு?

சட்டத்தின் சொல் எல்லார்க்கும் பொதுவெனினும், தெருவில் அது எல்லார்க்கும் ஒன்றுபோல் வழங்கப்படவில்லை. 1966 ஒற்றோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஹியூ நியூற்றன், பொபி சீல் என்னும் இருவர் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினர். இரவை நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாகத் தாங்குதல் அன்று அம்மாநிலத்திற் குற்றமன்று என்பதை நியூற்றன் சட்டநூல்களைக் கற்று அறிந்திருந்தார். கறுப்பின மக்களைக் காவலர் மறித்து விசாரிக்கும் இடங்களிற் கட்சியினர் துப்பாக்கியுடனும் சட்டநூலுடனும் சற்றுத் தொலைவில் நின்று, நிகழ்வதைக் கவனித்தனர்; சட்டப் பிரிவுகளை உரக்க எடுத்துரைத்தனர். காவலர் சினந்தனராயினும் அச்செயலைத் தடுக்கும் சட்டம் அவர்களிடம் இருக்கவில்லை.

அதன் விளைவு சட்டமே மாறியமையாகும். ஓக்லாந்தைச் சேர்ந்த சட்டசபை உறுப்பினர் டொன் மல்போட் புதியதொரு மசோதாவைக் கொண்டுவந்தார். அதனை எதிர்த்து 1967 மே 2ஆந் திகதி கட்சியினர் ஏறத்தாழ முப்பதின்மர் துப்பாக்கிகளுடன் சாக்கிரமெந்தோ நகரத்துச் சட்டசபை மண்டபத்துட் புகுந்தனர். அவ்வாண்டு யூலையில் ஆளுநர் ரொனால்ட் றேகன் கையொப்பமிட, நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவிடங்களில் தாங்குதல் குற்றமாயிற்று. ஓர் உரிமையை விரும்பத்தகாதவர் கையாளத் தொடங்கியபொழுது அவ்வுரிமையே நீக்கப்பட்டது.

அண்மைக்கால நிகழ்ச்சிகளும் இதனையே உணர்த்துவன. வெளிப்படையாகத் தாங்குதலை அனுமதிக்கும் ஒஹாயோ மாநிலத்தில் 2014 ஓகஸ்தில், விற்பனைக்கு வைத்திருந்த காற்றுத் துப்பாக்கியொன்றைக் கையிலெடுத்துக் கடைக்குள் நடந்த கறுப்பின இளைஞர் ஒருவர், 911க்குச் சென்ற அறிவித்தலின்பேரில் வந்த காவலராற் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்மீது வழக்குத் தொடரப் பெரும் யூரிமார் இசையவில்லை. 2016 யூலை 7ஆந் திகதி டலஸ் நகரில் ஊர்வலமொன்றின் இறுதியில் ஒருவன் சுட்டதிற் பொலிசார் ஐவர் உயிரிழந்தனர். அவ்வூர்வலத்திற் சட்டத்துக்கு இசையத் துப்பாக்கியைத் தோளிற் கொளுவி நடந்த கறுப்பினத்தவர் ஒருவரின் படத்தைப் பொலிசார் ஐயத்துக்குரியவர் எனக் குறித்து வெளியிட்டனர். அவர் தம் துப்பாக்கியைக் காவலர் ஒருவரிடம் ஒப்படைத்து விசாரணைக்கு உட்பட்டார். குற்றத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவரெனத் தெளிந்தது. காவலரின் அச்சம் எத்துணை மெய்யானது என்பதையும், அவ்வச்சம் யார்மீது முதலில் விழுகின்றது என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே காட்டுகின்றது.

நிலைநாட்டும் வழி

மேற்கூறியவற்றால், உரிமையை நிலைநாட்டும் இடம் எது என்பது பெறப்படும். தெருவில் ஆயுதத்துடன் நிற்கும் இருவர்க்கிடையே சட்டவாதம் நடைபெறுதல் உயிருக்கு இறுதியாகலாம். வழக்கில் வெல்லுதல் தெருவில் எதிர்த்து வெல்லுதலன்று. கையை ஆயுதத்தினின்றும் அகற்றி வைத்தல், கட்டளைக்கு உடலால் இணங்குதல், இணக்கமின்மையைச் சொல்லால் அமைதியாகத் தெரிவித்தல், தாம் தடுத்துவைக்கப்பட்டுள்ளாரா, செல்லலாமா என்று வினாவுதல் என்பனவே ஈண்டுத் தக்க முறைகள். சில மாநிலங்களில் நிறுத்தப்பட்டவர் தம்மிடம் ஆயுதமிருப்பதைத் தாமே அறிவித்தல் கடமை. நியாயமான ஐயத்தின்பேரில் நிறுத்தப்பட்டவரைப் பெயர் கூறும்படி மாநிலச் சட்டம் பணிக்கலாமென 2004இல் உயர் நீதிமன்றம் தீர்த்துள்ளது. ஆகவே உரிமையை அறிந்தவர் அவ்வுரிமையோடு வரும் கடமையையும் அறிந்திருத்தல்வேண்டும்.

நிகழ்ந்ததற்குச் சான்று இருத்தலும் இன்றியமையாதது. பிலடெல்பியா இளைஞரைக் காத்தவற்றுள் ஒலிப்பதிவு முதன்மையானது. பொதுவிடத்திற் கடமையாற்றும் பொலிசாரின் செயலைப் படம்பிடித்தலும் பதிவுசெய்தலும் குடிமக்களின் உரிமை என, பிலடெல்பியாவில் எழுந்த வேறொரு வழக்கில் மூன்றாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் தீர்த்தது. இவற்றின்மேல், அரச அதிகாரத்தின் பெயரால் உரிமை மீறப்பட்டவர் நட்டஈடு கோரி வழக்கிட 1871ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழிசெய்துள்ளது. உள்நாட்டுப் போரின் பின் விடுதலைபெற்ற கறுப்பின மக்களைக் கொடியோரிடமிருந்தும் அவர்க்குத் துணைநின்ற உத்தியோகத்தரிடமிருந்தும் காத்தற்கென இயற்றப்பட்டதே அச்சட்டம். இன்று துப்பாக்கி தாங்குவோர் தொடுக்கும் வழக்குகளும் அதன்வழியே செல்கின்றன.

அரசின் கடமை இவற்றினும் பெரிது. சட்டம் மாறும்பொழுதெல்லாம் காவலர்க்கு அதனை அறிவித்துப் பயிற்றுதல்வேண்டும். அவசரத் தொலைபேசியில் அறிவித்தலைப் பெறுவோர், அம்மனிதர் என்ன செய்கின்றார், ஆயுதம் உறையில் உளதோ கையில் உளதோ, எவரையேனும் அச்சுறுத்தினாரோ என்று வினாவி, அவ்விடையைக் காவலர்க்கு உரைத்தல்வேண்டும். எவரையும் நிறுத்தாது தொலைவிலிருந்து கவனித்தலும், விருப்பமாயின் உரையாடலாமென அணுகுதலும் எப்பொழுதும் காவலர்க்குச் சட்டம் தடுக்காத வழிகள். இவற்றாற் காவலரின் உயிரும் காக்கப்படும், குடிமக்களின் உரிமையும் காக்கப்படும்.

துப்பாக்கியைத் தெருவிற் கொண்டுசெல்லும் வழக்கம் ஒழியவேண்டும் என்று கருதுவோர் அமெரிக்காவிற் பலர். அவ்வாறு கருதுவோர்க்கும் காவலர் தம் எண்ணத்தையே சட்டமாகக் கொள்ளுதல் நன்மை தருவதன்று. இன்று துப்பாக்கி உறையைக் கண்டு சட்டமின்றி மறிப்பவர் நாளை துண்டுப் பிரசுரத்தையோ கொடியையோ கண்டும் மறிக்கலாம். ஒரு செயல் தீதெனின் அதனை விலக்கும் அதிகாரம் சட்டசபைக்கும், அவ்விலக்கு அரசியலமைப்புக்கு இசைந்ததா என்று ஆராயும் அதிகாரம் நீதிமன்றுக்கும் உரியன. காவலரின் கடமை உள்ள சட்டத்தை அறிந்து நடத்துதல். அக்கடமையில் அவர் வழுவும்பொழுது, அமைதியாக நின்று சான்றோடு நீதிமன்றம் செல்லும் குடிமகன் தன் ஒருவனுக்காக மாத்திரம் வழக்காடுவதில்லை. அவ்வுரிமையை ஒருகாலும் கையாளாத அயலவனுக்காகவும் வழக்காடுகின்றான்.